ஒட்டாத இலை

முப்பது மீட்டர் என்று எழுதியது நான்தான்.
"வயல் ஓரத்துக்கு அப்பால் முப்பது மீட்டரில்
நாம் விட்டவற்றில் ஒன்றுகூட உயிரோடிருக்காது."
நாற்பத்தொன்றாம் பக்கம். அடியில் என் கையெழுத்து,
ஊர்வே என்று, வால் சற்று நீண்டு.

பேர்னுவுக்கு வடக்கே, ஹெல்துரின் வாற்கோதுமை வேர்களில்
ஆய்வகத்தில் மாற்றிய பாக்டீரியாவைக் குடிவைத்தோம்.
காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து
வேருக்கு ஊட்டும். உர மூட்டை வேண்டாம்.
அந்த வேரின் சர்க்கரை கிடைக்காவிட்டால்
மூன்றே நாளில் சாகும்படி
தலையெழுத்தும் எழுதித்தான் அனுப்பினோம்.

முதல் வருஷ மிச்சத்தில் ஹெல்துர் டிராக்டருக்கு டயர் மாற்றினார்.
அடுத்த வருஷம் மகளின் பற்களுக்குக் கம்பி.
மூன்றாம் வருஷம் என் கார் ஜன்னல் வழியாக
புகைபோட்ட விலாங்கு மீன் ஒன்று உள்ளே வந்தது,
செய்தித்தாளில் சுற்றி.
இதில் எதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன்.
மீன் நன்றாக இருந்தது.

வயலுக்கு மேற்கே சதுப்பு.
எட்டாயிரம் வருஷமாக மழையை மட்டும் குடித்து
வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்த பாசி.
யாருக்கும் வயிறு நிறையாத இடம்.
வயிறு நிறையாததால்தான்
அங்கே இத்தனை பேர் வாழ முடிந்தது.
நூறு வயது பைன் மரம் என் தோள் உயரத்தில் நிற்கும்.
கிரான்பெரி தரையோடு தரையாய்ப் படர்ந்து
செப்டம்பரில் சிவக்கும்.
இடையிடையே அழுகண்ணி,
இலை முழுக்கச் சிவந்த மயிர், மயிர் நுனியில் பிசின் துளி,
வந்து உட்கார்ந்த கொசுவை விடாது.
மண் தராததை அது கொசுவிடம் வாங்கிக்கொள்ளும்.

மாய்மு தொலைபேசியில் கூப்பிட்டது ஐந்தாம் வருஷம்.
நெடுஞ்சாலை ஓரத்தில் வாளிக் கணக்கில் கிரான்பெரி விற்பவள்.
"வயல் பலகையில் உங்கள் நம்பர் இருந்தது.
அந்தச் சிவப்புச் செடி இருக்கிறதே,
விரலில் ஒட்டமாட்டேன் என்கிறது."
ஒட்டாதது நல்லதுதானே என்றேன்,
மடத்தனமாக.

போய்ப் பார்த்தேன்.
இலை கொழுத்துப் பச்சையாகியிருந்தது.
துளிகள் இல்லை. அழுகண்ணி அழவில்லை.
ஒரு கொசு அதன்மேல் உட்கார்ந்து
ஆற அமரக் காலைத் துடைத்துக்கொண்டு
எழுந்து போனது.

மண் எடுத்தோம். முப்பது மீட்டரில் எங்களுடையது இல்லை.
முந்நூறில் இல்லை. தொள்ளாயிரத்திலும் இல்லை.
வீட்டுக்குத் திரும்பும் வழியில், மறைப்பானேன்,
விசிலடித்தேன்.

அக்டோபர் கடைசியில் தார்வோ ஒரு தாளை நீட்டினான்.
சதுப்பிலேயே ஆதிகாலந்தொட்டு இருந்த ஒன்று,
பெயர்கூட வைக்கப்படாதது, பட்டியலில் வெறும் எண்.
அதன் உடலுக்குள்
நாங்கள் கோத்த எழுத்து, அட்சரம் பிசகாமல்.

எங்களுடையது சொன்னபடி செத்திருக்கிறது.
சாவதற்குமுன் கையில் இருந்ததை
அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறது.
ஊட்டத் தெரிந்த பகுதி கைமாறிவிட்டது.
சாக வேண்டிய பகுதி பிணத்தோடு போய்விட்டது.

இப்போது சதுப்பு சாப்பிடுகிறது.
பிர்ச் கன்றுகள் இடுப்புவரை.
புல் வந்து கிரான்பெரியின் வெயிலை வாங்கிக்கொண்டது.
வாடகைக்கு வந்தவர்கள் மாதிரியே இல்லை, புல்லும் பிர்ச்சும்.
மாய்மு இந்த வருஷம் பிளம் விற்கிறாள்,
அண்ணன் தோட்டத்துப் பிளம், பாதி புளிப்பு.

கூட்டத்தில் ஹெல்துர் எழுந்தார். தொப்பி கையில்.
"அதைத் திரும்பக் கூப்பிட முடியாதா?"
நாயைக் கேட்பதுபோல் கேட்டார்.
யாரும் சிரிக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருத்தச் சொன்னார்கள்.
மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன்.
பிழை கிடைக்கவில்லை. இன்றுவரை
முப்பது மீட்டருக்கு அப்பால் எங்களுடையது
ஒன்றுகூட உயிரோடில்லை.

பனி விழுமுன் மறுபடி போனேன், தனியாக,
பாசியில் புதையாத அகலக் காலணியோடு.
குனிந்து ஒரு இலையில் விரலை வைத்தேன்,
கொஞ்ச நேரம், கொசுவாக.

விட்டுவிட்டது.